கயிறு பிடித்த கை

(“உணவின் தரத்துக்குப் பெரிதும் காரணம் சமைக்கும் கையா? வளர்க்கும் கையா?” என்ற தலைப்பில் முத்தையாபுரத்தில் நடந்த பட்டிமன்றத்தில், ‘வளர்க்கும் கையே’ என்ற அணிக்காகப் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் வாதாடிவிட்டு, ஜெயித்துவிட்ட மிதப்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற பேராசிரியை அம்மா அவர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! திருச்செந்தூர் சாலையிலே ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற லாரி, இரண்டுக்கும் நடுவிலே இந்தப் பனியிலும் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிற முத்தையாபுரத்துப் பெருமக்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் எங்களைப் பார்க்கிறவர்களே! தட்டில் இருப்பதைச் சீக்கிரம் சாப்பிட்டு முடிச்சிருங்க. நான் பேச ஆரம்பிச்சா உள்ளே இறங்காது. (சிரிப்பு, கைதட்டல்)

பேராசிரியை அம்மா என்ன சொன்னாங்க? கைப்பக்குவம், கைப்பக்குவம், கைப்பக்குவம். ‘எந்தக் கோழியா இருந்தா என்ன, என் மாமியார் அரைக்கிற மசாலா சேர்ந்தா அது அமிர்தம்’ என்றார்கள். மாமியாரை மேடையில் புகழ்ந்ததுக்கு முதலில் ஒரு பாராட்டு. அவங்க முன்வரிசையில் உட்கார்ந்திருக்காங்க என்பது எனக்கும் தெரியும். (பலத்த சிரிப்பு) ஆனா அம்மா, நீங்களே உங்க வாயால எனக்கு ஒரு சாட்சி சொல்லிட்டீங்க. மசாலா எதுக்குப் போடுறோம்? ருசிக்குப் போடுறோம், சரி. கூடவே, கவிச்சி தெரியக்கூடாதுன்னும் போடுறோம். கவிச்சி எங்கிருந்து வந்தது? அடுப்பிலிருந்து வரலையே. அது வரும்போதே எதையோ தூக்கிக்கிட்டு வந்திருக்கு. அது என்னங்கிறதுதான் இன்னிக்கு என் பேச்சு.

இந்த ஊரிலே மீனை வைத்துத் தொடங்கினால்தான் நம்புவீங்க. தூண்டிலில் பிடித்த விளமீனுக்கும், இழுவை மடியில் மணிக்கணக்காக மற்ற மீன்களுக்கு அடியில் நசுங்கி மூச்சுத் திணறிச் செத்த விளமீனுக்கும் ஒரே விலை கொடுப்பீங்களா? கடற்கரையில் ஏலம் எடுக்கிற அண்ணாச்சி கொடுப்பாரா? மாட்டார். கடல் ஒண்ணு, மீன் ஒண்ணு, குழம்பு வைக்கிற சட்டியும் ஒண்ணு. வித்தியாசம், அந்த மீன் எப்படிப் பிடிபட்டது, எப்படிச் செத்தது என்பதில். துள்ளித் துடித்துக் களைத்த மீனின் தசையிலே இருந்த சக்தி முழுக்கச் செலவாகிப் போகுது. அது சீக்கிரம் விறைக்கும், சீக்கிரம் குழையும். ஜப்பான்காரன் இதுக்காகவே மீனை நொடியில் மூளையில் குத்தி அமைதிப்படுத்துகிறான். இரக்கமும் உண்டு, வியாபாரமும் உண்டு. மீனுக்கே இப்படீன்னா, நாலு காலில் நடந்து, நம்மைப் பார்த்தால் கத்துகிற ஜீவனுக்கு?

நடுவர் அவர்களே, ஒரு ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துடறேன். நான் தமிழாசிரியன். ‘புலால் மறுத்தல்’ அதிகாரத்தின் பத்துக் குறளையும் வருஷா வருஷம் வகுப்பிலே நடத்துகிறவன். அதுவும் வெள்ளிக்கிழமை நடத்துவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நிற்பேன். (சிரிப்பு) ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற பையன் திரும்பிப் பார்த்து, ‘ஐயா, நீங்களுமா?’ என்றான். என் மாணவன். அன்றைக்கு அரைக்கிலோ வாங்க வந்தவன் கால்கிலோவோடு திரும்பிட்டேன். (பலத்த சிரிப்பு) அதனால நான் இங்கே யாரையும் கறி தின்னாதே என்று சொல்ல வரவில்லை. அந்த யோக்கியதை எனக்கு இல்லை. தின்னுகிறவனுக்கு, தின்னப்படுகிற உயிரிடம் ஒரு கடன் இருக்கு. அந்தக் கடனைக் கட்டாம விட்டா, வட்டியோட நம்ம தட்டுக்கே வருது. இதுதான் என் கட்சி.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. எங்க அம்மா. விளாத்திகுளம் பக்கத்திலே ஒரு கரிசல்காட்டுக் கிராமம். வீட்டிலே நாலு வெள்ளாடு, பத்துப் பன்னிரண்டு கோழி. இந்தச் சீமையின் ஆடுகளைப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா? கறுப்பு உடம்பிலே முகத்தில் வெள்ளைக்கோடு ஓடினால் பால்கன்னி, செங்கோடு ஓடினால் செங்கன்னி. கடற்கரைப் பக்கம் வந்தால் நெட்டையாக, ஒல்லியாக நிற்கிற கொடி ஆடு. வெள்ளையிலே கறுப்புத் தெளித்தால் கரும்போரை, சிவப்புத் தெளித்தால் செம்போரை. வேம்பூர்ப் பக்கம் போனால் பொட்டுப்பொட்டாய்ச் செம்மறி. எங்க அம்மாவிடம் இருந்தது செங்கன்னி. நான் கல்லூரியில் சேர வேண்டிய வருஷம் 1988. கட்டணம் கட்டப் பணம் இல்லை. ‘ஒரு கிடாயைப் பிடிச்சிட்டுப் போய் எட்டயபுரம் சந்தையில வித்துருவோம்யா’ என்றாள்.

எட்டயபுரம் ஆட்டுச் சந்தை சனிக்கிழமை கூடும். வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளம்பிவிட்டோம். நான் என்ன செய்தேன்? கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். அம்மா கயிற்றை வாங்கிக்கொண்டாள். கொஞ்சதூரம் நடப்பாள், ஒரு உடைமரத்து நிழலைக் கண்டா நிற்பாள், மரத்தை உலுக்கி நெற்றை உதிர்த்துவிட்டு ஆட்டைத் தின்னவிடுவாள், கண்மாயைக் கண்டா தண்ணி காட்டுவாள். நான் எரிச்சலோட கேட்டேன்: ‘நாளைக்கு வெட்டப்போற ஆட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு உபசாரம்?’

எங்க அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கு: ‘ஏய்யா, மிரண்டு, இளைச்சு, நாக்குத் தள்ளிப் போய்ச் சேந்த ஆட்டை அறுத்தா கறி கறுத்துப் போவும்யா. வாங்கித் திங்கிறவன் யாரைய்யா ஏசுவான்? ஆட்டையா ஏசுவான்? நம்மளத்தான் ஏசுவான்.’ (கைதட்டல்)

நான் அதை ஒரு கிழவியின் நம்பிக்கைன்னுதான் நினைச்சேன். முப்பது வருஷம் கழிச்சு, கால்நடை மருத்துவப் பேராசிரியர் ஒருத்தரோடு ரயிலில் போனபோது அவர் விளக்கினார். இட்லி மாவு புளிக்குதே, அதிலே உண்டாகிறது லாக்டிக் அமிலம். ஆட்டுக்கறியிலும் அதே சமாசாரம் நடக்குது. உயிரோட இருக்கும்போது தசையிலே கிளைக்கோஜன் என்று ஒரு சேமிப்பு இருக்கும். அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறும். ஏறக்குறைய 7 என்று இருந்த பி.எச். அளவு, சில மணி நேரத்தில் இறங்கி 6, ஐந்தரை என்று வரும். அப்பதான் கறி நல்ல நிறமாக, மிருதுவாக இருக்கும். கிருமியும் சட்டென்று பெருகாது. ஆனா அந்த ஆடு ராத்திரி முழுக்க லாரியில் ஒன்றின்மேல் ஒன்றாக நின்று, பட்டினியும் பயமுமாக வந்திருந்தா? சேமிப்பு முழுக்க வழியிலேயே செலவாகிடும். புளிக்க மாவு இல்லை. கறி கறுத்து, கெட்டிப்பட்டு, வறண்டு, சீக்கிரம் கெட்டுப்போகும். ‘இதுக்கு ஆங்கிலத்திலே தனிப்பெயரே இருக்கு சார்’ என்றார். எனக்கு ஆங்கிலப் பெயர் எதுக்கு? எங்க அம்மா தமிழிலேயே சொல்லிட்டாளே! (பலத்த கைதட்டல்)

இப்போ எதிரணி அம்மாவைக் கேட்கிறேன். அந்தக் கறுத்த கறியை உங்க மாமியாரிடம் கொடுத்தா என்ன செய்வாங்க? இன்னும் ரெண்டு கரண்டி மிளகாய்த்தூள் போடுவாங்க. குக்கரில் இன்னும் நாலு விசில் விடுவாங்க. ஆட்டின் பயத்தை விசில் அடித்து விரட்ட முடியுமாம்மா?

காயல்பட்டினத்திலே எனக்குத் தெரிந்த ஒரு கறிக்கடை பாய் இருந்தார். ஆடு வந்து இறங்கினதும் அறுக்கமாட்டார். ஒரு ராத்திரி கட்டிப்போட்டு, தண்ணி வைத்து, அடங்கவிட்டுத்தான் மறுநாள். கத்தியை ஆட்டின் கண்ணெதிரே தீட்டமாட்டார். ஒரு ஆட்டின் முன்னால இன்னொரு ஆட்டை அறுக்கமாட்டார். ‘மார்க்கம் அப்படிச் சொல்லுது ஐயா, கத்தி கூரா இருக்கணும், பிராணி வேதனைப்படக்கூடாது’ என்பார். அவர் கடையில் கிலோவுக்குக் கொஞ்சம் விலை கூடத்தான். கூட்டமும் அங்கேதான்.

பாலுக்கு வருகிறேன். உப்பளத்து ஊர்க்காரங்களுக்கு உப்பின் ருசியை நான் சொல்ல வேண்டாம். பால் உப்புக்கரிச்சு நீங்க குடிச்சிருக்கீங்களா? எங்க மைனி வீட்டுப் பால் ஒருநாள் கரிச்சது. எங்க அண்ணன், ‘டம்ளரைக் கழுவலை’ என்று மைனியோடு சண்டைக்குப் போயிட்டார். (சிரிப்பு) டம்ளர் மேல் குத்தமில்லை. மாட்டுக்கு மடிநோய். மடியிலே அழற்சி வந்தால் ரத்தத்தில் இருக்கிற உப்புச்சத்து பாலிலே கசியும். மடிநோய் ஏன் வருது? சாணியும் மூத்திரமுமாகத் தேங்கின தொழுவத்தில் மாடு படுத்தா வரும். கறக்கிறவன் பாதியில் விட்டா வரும். அந்த வீட்டில் புதுசா வந்த கறவைக்காரன் மாட்டைத் தடியால் அடிச்சுக் கறந்திருக்கான். மாடு மிரண்டா பாலை அடக்கிக்கொள்ளும் என்று நம்ம ஊரில் சொல்லுவோமே, அது வெறும் பேச்சில்லை. பயந்தால் உடம்பிலே அட்ரினலின் சுரக்கும். அது பாலை இறக்குகிற சுரப்பைத் தடுக்கும். பால் மடியிலேயே தங்கும், நோய்க்கு வழி திறக்கும். மடிக்கு மருந்து போட்டாங்க, தொழுவத்தைக் கழுவிக் காயவிட்டாங்க, அந்த ஆளை மாத்தினாங்க. அப்புறம்தான் பால் பாலா இருந்துச்சு. இந்த முத்துக்குளித்துறையிலே நின்று சொல்கிறேன்: சிப்பிக்கு உள்ளே உறுத்தினால் முத்து கிடைக்கும். பசுவுக்கு உறுத்தினால் சீழ்தான் கிடைக்கும். (கைதட்டல்)

கன்றைக் காட்டி, ஊட்டவிட்டுக் கறந்த காலம் போய், ஊசி போட்டுப் பாலை இறக்குகிற காலமும் வந்தது. ஆக்சிடோசின். 2018ல் மத்திய அரசு, தனியார் கம்பெனிகள் அதைத் தயாரிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதே வருஷம் டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஏன்? பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தித் தாயைக் காப்பாற்றுகிற மருந்தும் அதுதானே! பாருங்க நடுவர் அவர்களே, மாட்டுக்கு நாம செய்த ஒரு அவசரம், கடைசியிலே பிரசவ அறைவரைக்கும் போயிடுச்சு.

இனி முட்டை. இதிலே நான் நிதானமாகப் பேசணும். ஏன்னா முட்டையைக் குறை சொல்கிறவன் இந்த நாட்டிலே ஏழைப்பிள்ளை தட்டைத் தட்டிவிடுகிறவனாக ஆகிவிடக்கூடாது. 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். 1989ல் கலைஞர் ஆட்சியில் அதிலே முட்டை சேர்ந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010ல் வாரம் ஐந்தாச்சு. அந்த முட்டைக்கெல்லாம் தாய்வீடு நாமக்கல். மழை குறைந்த ஒரு வட்டாரம் கோழியை நம்பி எழுந்து நின்றதே, அந்த உழைப்புக்குத் தலைவணங்கிட்டுத்தான் பேசறேன்.

அந்தக் கோழி எப்படி இருக்கு? வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டு. நீங்க மனு எழுதுகிற ஏ4 தாள் இருக்கே, அதன் பரப்பு சுமார் 624 சதுர சென்டிமீட்டர். கூண்டிலே ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. நான் எழுதுகிற ஒரு பக்கத்துக்குள்ளே ஒரு ஜீவனின் முழு வாழ்க்கையும் முடிஞ்சிருது! இறக்கையை விரிக்க முடியாது. மண்ணைக் கிளற முடியாது. முட்டையிட ஒரு மறைவிடம் தேடும் கோழி; அதுவும் கிடையாது. நம்ம வீட்டு நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் ‘போதும்டா’ என்று அடைக்கு உட்கார்ந்துவிடும். கூண்டுக்கோழி வருஷத்துக்கு 300 முட்டை. ஒரு ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து வேணும். தீவனத்தில் கிடைத்தது போதாவிட்டால், தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். நடமாட்டமும் இல்லை. கடைசியில் எலும்பு சுள்ளி மாதிரி ஒடியும்.

சித்திரை வெயிலிலே முட்டை ஓடு மெலிசாக வருதே, கவனிச்சிருக்கீங்களா? கோழிக்கு வேர்வை கிடையாது. வாயைப் பிளந்து இரைத்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கணும். இரைக்க இரைக்க ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியே போயிடும். ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டுக்கு அதுதான் மூலப்பொருள். அதனால் ஓடு மெலியும், விரிசல் விடும், விரிசலில் கிருமி நுழையும். நம்ம தூத்துக்குடி மக்ரூன் போடுகிற அண்ணாச்சிகள் வெள்ளைக்கருவை அடிக்கும்போது முட்டையை ஒவ்வொண்ணா உடைத்துப் பார்க்கிறாங்களே, ஓட்டை விரலால் தடவிப் பார்த்தா அந்தக் கோழி அனுபவிச்ச வெயிலையும் சேர்த்துப் படிக்கலாம்.

இந்த இடத்திலே என் கட்சிக்காரங்களையே நான் கொஞ்சம் கண்டிக்கணும். ‘பழுப்பு முட்டைன்னா சத்து, வெள்ளை முட்டைன்னா சத்தில்லை’ என்று சொல்லாதீங்க. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு ஓடு பார்த்து ரெட்டைப் பங்கு விலை கொடுத்துட்டு வந்து என் மனைவியிடம் நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். (சிரிப்பு) புரதத்திலே கூண்டு முட்டைக்கும் காட்டு முட்டைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெயில் பட்டுத் திரிந்த கோழியின் முட்டையில் விட்டமின் டி கூடும். பச்சிலை மேய்ந்தால் மஞ்சள்கரு நிறம் ஏறும். இன்னொண்ணு: ‘பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் வளர்க்கிறாங்க’ என்கிற கதை. ஆயிரக்கணக்கான குஞ்சுக்கு யாருய்யா உட்கார்ந்து ஊசி போடுவான்? கட்டுப்படியாகுமா? அது வேகமாக வளர்வது, அப்படியே பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கினதாலும் தீவனத்தாலும். உண்மையான குறை வேற இடத்தில் இருக்கும்போது, பொய்யான குறையைச் சொன்னா குற்றவாளி சிரிச்சிக்கிட்டே தப்பிச்சிருவான்.

உண்மையான குறை எங்கே? என் மனைவியின் தம்பி கதையைச் சொல்கிறேன். கோவில்பட்டி தாண்டி நிலம். மழையை நம்பி வெள்ளாமை வச்சுக் கடன்பட்டு, கடைசியிலே கடன்மேல் கடன் வாங்கிக் கோழிப்பண்ணை போட்டான். ஐயாயிரம் குஞ்சு. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் ஒரு கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் கரண்டும் உழைப்பும் இவன். நாற்பது நாளில் இரண்டு கிலோ எடை வந்ததும் லாரி வந்து அள்ளிட்டுப் போகும். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. அன்னிக்கு அது ஒற்றை இலக்க ரூபாய். செத்த கோழிக்குக் கணக்கில் கழிவு.

ஒரு மே மாசம் நான் போயிருந்தபோது மத்தியானம் கரண்ட் போயிடுச்சு. விசிறி நின்னுது. தரையில் போட்ட உமி நனைஞ்சு, அமோனியா நெடி கண்ணைக் கரிக்குது. கோழிகள் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்து இரைக்குது. மார்பு பெருத்து, கால் தாங்காமல் எழுந்து நாலடி நடக்க முடியாத ஜீவன்கள். என் மைத்துனன் வாளி வாளியாகத் தண்ணி தெளிச்சுக்கிட்டு உள்ளே ஓடறான். சாயங்காலம் செத்ததைப் பொறுக்கிக் கோணியில் போட்டான். எத்தனை என்று நான் கேட்கலை, அவன் சொல்லலை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். இலையில் நாட்டுக்கோழிக் குழம்பு. ‘ஏம்ப்பா, கொட்டகை நிறையக் கோழி இருக்கு, இதைப் போய் அடிச்சே?’ என்றேன். அவன் இலையைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: ‘அத்தான், அது எப்படி வளந்துச்சுன்னு எனக்குத் தெரியுமே.’

(சற்று நிறுத்தி) நடுவர் அவர்களே, எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கலை. அவன் கெட்டவன் இல்லை. அந்தக் கோழிக்காக அழுதவன் அவன் ஒருத்தன்தான். இன்னும் கொஞ்சம் இடம் விடு, குஞ்சைக் குறைச்சு விடு என்று சொன்னா, ‘கூலியைக் கூட்டுவாங்களா அத்தான்?’ என்பான். அந்தக் கூலியை நிர்ணயிக்கிறது யார்? ‘எந்தக் கடையில் கிலோ பத்து ரூபா குறைச்சல்’ என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறேனே, நான். டாக்டர் பட்டம் வாங்கின நான்.

அடைசலாய் அடைச்சா நோய் வரும். நோய் வராமல் இருக்கத் தீவனத்திலேயே மருந்து கலப்பாங்க. கோலிஸ்டின் என்று ஒரு மருந்து. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிக்கு, ஆஸ்பத்திரித் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசிக் கையாக எடுக்கிற மருந்து. அதை இந்த நாட்டிலே கோழிக்குத் தீவனத்தில் போட்டாங்க! தினமும் பார்த்துப் பழகின கிருமி அதற்குப் பணிய மறுத்தா, நாளைக்கு நம்ம பிள்ளைக்கு எதைக் கொடுப்பீங்க? 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் மீன் பண்ணைக்கும் கோலிஸ்டின் கூடாது என்று தடை போட்டது. நல்லது. ஆனா அடைசலைக் குறைக்காமல் மருந்தை மட்டும் தடுத்தால், இன்னொரு மருந்து வரும். நெரிசலும் நோயும் எந்தக் கைப்பக்குவத்துக்குக் கட்டுப்படும்? வேகமாக எடை ஏறிய கோழியின் மார்புக்கறி சில சமயம் மரக்கட்டை மாதிரி விறைச்சுப் போகுது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதற்கு ‘மர மார்பு’ என்றே பெயர் வைத்திருக்கிறாங்க. சமைச்சா மெல்லணும். மெல்ல மெல்ல மெல்லணும். (சிரிப்பு)

இது நம்ம ஊர்க் கவலை மட்டுமில்லை. 1964ல் இங்கிலாந்திலே ரூத் ஹாரிசன் என்ற அம்மையார், கூண்டுப் பண்ணைகளைப் பார்த்துவிட்டு ஒரு புத்தகம் எழுதினார். ‘விலங்கு இயந்திரங்கள்’ என்று அதற்குப் பெயர். கொடுமையை மட்டும் சொல்லலை. இப்படி வளர்ந்ததைத் தின்றால் அது என்ன உணவு என்றும் கேட்டார். நாடே அதிர்ந்தது. மறுவருஷமே பிராம்பெல் குழு அறிக்கை கொடுத்தது: ஒரு பிராணி எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன்னைக் கோதிக்கொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும். இவ்வளவுதான் கேட்டாங்க! ஐரோப்பாவில் 1999ல் சட்டம் போட்டு, 2012 ஜனவரி முதல் வெறுங்கம்பிக் கூண்டையே தடை செய்தாங்க. நம்ம நாட்டுக்கு 1960லேயே மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கு. நியாயமாக அசைய முடியாத கூண்டில் பிராணியை அடைப்பது குற்றம் என்று அதிலேயே இருக்கு. 2017ல் சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையை முட்டைக்கோழிக்கும் கறிக்கோழிக்குமாகவே எழுதியது. சட்டம் படிக்கிற உயரத்தில் இருக்கு. கோழி கூண்டுக்குள்ளே இருக்கு.

அதுக்காக அவிழ்த்துவிட்டால் போதும் என்று நினைச்சிடாதீங்க. நகரத்திலே மாட்டை அவிழ்த்து விடுறாங்களே, அது எங்கே மேயுது? குப்பைத்தொட்டியில். பிளாஸ்டிக் பையைத் தின்னுது. சுவரொட்டியைத் தின்னுது. போன தடவை எங்க பட்டிமன்றச் சுவரொட்டியை ஒரு மாடு முழுசாகத் தின்றது. நடுவர் படத்தை மட்டும் விட்டுட்டுது. (பலத்த சிரிப்பு) அந்த மாட்டைக் கட்டிப்போட்டு வைக்கோல் போட்டால் அதுவே பெரிய புண்ணியம். வளர்ப்பு என்றால் கூடவே இருந்து கண்ணால் பார்ப்பது.

(நடுவர் மணி அடிக்கிறார்.) ஒரு நிமிஷம் ஐயா. எதிரணி கடைசியாக ஒரு அஸ்திரம் வச்சிருக்கு, விலை. ‘இடம் விட்டு வளர்த்தால் விலை ஏறும், ஏழை எங்கே போவான்?’ என்பார்கள். நியாயமான கேள்வி. ஏறும். மறைக்க மாட்டேன். என் பதில் இதுதான்: பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் முட்டைக்கு ஏறுகிற காசை அரசாங்கம் கொடுக்கட்டும், அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற செலவுதான். உங்களுக்கும் எனக்கும்? வாரம் மூன்று நாள் கறி என்பதை ஒரு நாளாக்குவோம். அந்தக் காசில் ஒழுங்காக வளர்ந்ததை வாங்குவோம். கடைக்காரரிடம் ‘எவ்வளவு?’ என்று கேட்ட பிறகு, ‘எங்கேயிருந்து வருது, எப்படி வளர்க்கிறாங்க?’ என்று ஒரு கேள்வி கேளுங்க. முதல் நாள் முறைப்பார். பத்துப் பேர் கேட்டால் பண்ணைக்காரரிடம் அவர் கேட்பார். கோழியை ஸ்கூட்டர் கைப்பிடியில் தலைகீழாய்த் தொங்கவிட்டுக் கொண்டுபோகிறவரை நிறுத்தி, ‘அண்ணாச்சி, ஒரு கூடை இல்லையா?’ என்று கேளுங்க. என் மைத்துனனுக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபா கூலி கூடினால், அவன் ஐயாயிரம் குஞ்சை நாலாயிரமாக்கத் தயார். அவன் வாயால் சொன்னது.

எங்க அம்மா கிடாய் விற்ற கதையை முடிக்கலை நான். சந்தையிலே முதலில் வந்த வியாபாரி நல்ல விலை சொன்னான். அம்மா அவன் வண்டியை எட்டிப் பார்த்தாள். உள்ளே கால்களைக் கட்டி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்தான். ‘இவனுக்கு இல்லை’ என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டாள். மத்தியானம்வரை வெயிலில் நின்று, பக்கத்து ஊர்க் கறிக்கடைக்காரர் ஒருவருக்கு, முப்பது ரூபாய் குறைச்சலுக்குக் கொடுத்தாள். அன்றைக்கு அந்த முப்பது ரூபாய் எங்களுக்கு எவ்வளவு பெரிய பணம் என்பது, கல்லூரி வாசலில் நின்ற எனக்குத் தெரியும். மீதியை ஆசிரியர் ஒருவரிடம் கடன் வாங்கித்தான் கட்டினேன். எங்கள் பக்கத்திலே ஆட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். அம்மா கயிற்றை அவிழ்த்து, அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, வெறுங்கயிற்றோடு திரும்பி நடந்தாள். வழியெல்லாம் பேசவில்லை. அந்தக் கயிறு ஊரில் எங்கள் வீட்டு ஆணியில் இன்னமும் தொங்குது.

நடுவர் அவர்களே, சமைக்கிற கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கிடாயை வாங்கித் தின்றவர்கள் வீட்டிலும் ஒரு நல்ல கை சமைத்திருக்கும். அதற்கு முன்னால் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்த கைக்குத் தீர்ப்பு சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)